மேலே போன கொடிக்கயிறு

எங்கள் வீட்டு வாசலில் துணி காயப்போடும் கொடிக்கயிறு ஒன்று உண்டு. ஒரு முனை சுவர் ஆணியில், மறுமுனை வேப்பமரத்தில். நான் கல்யாணமாகி வந்த வாரம் அந்த ஆணியை அடித்தவள் என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. ஸ்டூல் போடவில்லை. நின்றபடியே கையை உயர்த்தி அடித்தாள். தெருப் பெண்களில் அவள்தான் உயரம். எனக்கு அந்தக் கயிறு எட்டாது. எங்கள் ஊர் சங்கராபுரம் பக்கம். கல்வராயன் மலை கறுத்தால் கொஞ்ச நேரத்தில் இங்கே தூறல் விழும். அவள் ஓடிப்போய்த் துணிகளை உருவுவாள். நான் கீழே நின்று வாங்கிக்கொள்வேன்.

மறுவருஷம் அவளுக்கு வயிறு கெட்டது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கொல்லைக்கு ஓடினாள். ரத்தமாகப் போனது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பெருங்குடலில் புண், அடங்கும், திரும்ப வரும், மாதாமாதம் காட்ட வேண்டும் என்று சொல்லி மாத்திரை எழுதித் தந்தார்கள். இரண்டு தடவைதான் போனோம். மாத்திரையில் ரத்தம் நின்றது, அது போதும் என்று இருந்துவிட்டோம். பிறகு பழைய சீட்டைக் காட்டியே மருந்துக்கடையில் வாங்கினோம். விட்டால் ரத்தம் வந்தது, அதனால் விடவில்லை. மூன்று வருஷம் ஓடியது.

சாப்பாடு என் பொறுப்பு. எங்கள் பக்கம் வியாதி என்றாலே பத்தியம்தான். பால், தயிர், முட்டை, மீன், கேழ்வரகு எல்லாவற்றையும் நிறுத்தினேன். அரிசிக் கஞ்சியும் உப்பும்தான். ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்லவில்லை. புண்ணுக்கு ஆகாது என்று நானே முடிவு கட்டினேன். பசு கன்று போட்டபோது சீம்பால் காய்ச்சித் தெருவுக்கே கொடுத்தேன். அவள் அடுப்புப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

“ஒரு வாய் குடுங்க அண்ணி. இன்னா பூடப்போவுது?”

“வவுறு பூடும்.”

“கன்னுக்குட்டியா பொறந்திருந்தா ஒங்களக் கேட்டுக்கினு நிக்க வேணாம்.”

இரண்டு பேரும் சிரித்தோம். மீதிப் பாலையும் அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஒருநாள் ஈரப்புடவையோடு குதிகாலை எக்கி நின்றாள். கயிற்றின் மேல் போட முடியவில்லை. “கயித்த யாரு மேல ஏத்திக் கட்டுனது?” என்று அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். “தொட்டுக்கூடப் பாக்கல” என்றார் அவர். “கயிறு தளர்ந்தா கீழதான வரும், இது இன்னா மேல போயிக்கினு இருக்குது?” அதற்கும் சிரித்தோம். அவள் முதுகு லேசாக வளைந்திருந்தது எனக்குத் தெரியும். கஞ்சி குடிக்கிற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவளுக்கு இருபத்தைந்து வயது.

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. பஸ் இல்லை. வீட்டுக்காரரும் அந்த மறியலில்தான் இருந்தார். அவள் குழாயடியில் குடத்தைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதுகில் ஏதோ நொறுங்கியது என்றாள். எழ முடியவில்லை. கட்டிலோடு மாட்டுவண்டியில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டோம். மரம் கிடந்த இடத்தில் வண்டி நின்றது. கூட்டத்திலிருந்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவரும் மூன்று பேரும் கட்டிலை மரத்துக்கு மேலே தூக்கினார்கள். அவள் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் இறக்கியதும் துண்டை எடுத்துவிட்டு, “இது நீ வெட்டுனதாண்ணா? பெருசாத்தான் பாத்து வெட்டிக்கிற” என்றாள். அவர் மாடுகளை அவிழ்த்து, வண்டியை வயலில் இறக்கித் தள்ளிக்கொண்டு வந்தார். அப்படி மூன்று மரம் தாண்டினோம். ஒவ்வொரு தடவை கட்டில் ஆடும்போதும் அவள் இனி நடக்கவே மாட்டாளோ என்று என் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதுகெலும்பில் இரண்டு எலும்பு அமுங்கியிருந்தது. ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் பெருமையாகத்தான் சொன்னேன், மூன்று வருஷமாக ஒரு சொட்டுப் பால் கொடுக்கவில்லை என்று. அவர் பழைய மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தார். குடல் புண், சாப்பாட்டுச் சத்தை உடம்பில் சேரவிடாது, இந்த மாத்திரை நாள்பட்டால் எலும்பை அரிக்கும் என்றார். “அதுக்கு மேல நீங்களும் பட்டினி போட்டுட்டீங்களேம்மா.” திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

படுத்திருந்தவள் வாயைத் திறந்தாள். “அண்ணி குடுக்கத்தான் வந்தாங்க டாக்டர். நான்தான் வேணாம்னு தள்ளுனேன்.”

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மாத்திரையைத் திடீரென்று விடக்கூடாது என்று சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். சுண்ணாம்புச் சத்து மாத்திரை தந்தார். பால், தயிர், முட்டை, கேழ்வரகு, எது ஒத்துக்கொள்கிறதோ அதைக் கொடுக்கச் சொன்னார். பால் ஒத்துக்கொள்ளாத நாளில் தயிர் கொடுத்தேன். ரத்தம் போன நாளில் கேழ்வரகை விட்டு, மறுபடி தொடங்கினேன். மூன்று மாதத்தில் நடந்தாள். வலி குறைந்தது. குறைந்த உயரம் மட்டும் வரவில்லை. வீட்டுக்காரர் ஆணியை ஒரு சாண் கீழே அடித்தார். அதன்பிறகு எனக்கும் கயிறு எட்டியது.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இப்போது இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. கயிறு தலையில் இடிக்கிறது என்று என் மகன் போன வாரம் சுத்தியலோடு வந்தான். வேண்டாம் என்றேன். பழைய ஆணியின் ஓட்டை சுவரில் அப்படியே இருக்கிறது. காலையில் தயிரைக் கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். “ஓடிடமாட்டேன், போங்க அண்ணி” என்பாள். பிறகு தன் புடவையைத் தானே பிழிந்து கொடியில் போடப் போவாள். நான் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து அவள் குதிகாலைப் பார்ப்பேன், தரையில் இருக்கிறதா என்று.