சந்தனம் பூசிய ஹார்ட் டிஸ்க்

போன வாரம் கரமனையிலிருந்து மன்னி போன் செய்தார். அண்ணா காலமானதிலிருந்து அவராகக் கூப்பிடுவது அபூர்வம்.

“ரமணி, அண்ணாவோட பெட்டி தொறக்க மாட்டேங்கறதுடா. லைட்டே எரியலை.”

பெட்டி என்றால் ஹார்ட் டிஸ்க். அண்ணா கேமராப் பைத்தியம். கல்யாணம், சீமந்தம், பொன்முடி பிக்னிக், திரும்பும் வழியில் கல்லாற்றில் கால் நனைத்தது... எதையும் விட்டதில்லை. அத்தனையும் அதற்குள்தான். வேறு பிரதி? கிடையாது!

நேரில் போய்ப் பார்த்தேன். கேபிள் சொருகும் ஓட்டையில் மஞ்சளாக ஏதோ காய்ந்து அடைத்திருந்தது. சந்தனம்!

நவராத்திரிக்கு இந்த மலையாள ஊரில் புத்தகங்களைப் பூஜையில் வைப்போம். விஜயதசமி காலையில்தான் திரும்ப எடுப்போம். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீட்டில் பாடப் புத்தகத்துக்கு எங்கே போவது? மன்னி ஹார்ட் டிஸ்க்கை வைத்துவிட்டார். வைத்தவர் சும்மா இருப்பாரா? நாலு பக்கமும் சந்தனம், குங்குமம்...

“உங்கண்ணா படிச்சது, எழுதினது எல்லாம் இதுதானேடா” என்றார். எனக்கு வந்த கோபம், அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

ஆட்டோ பிடித்து, தம்பானூர் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போனோம். அங்கே ஒரு மலையாளிப் பெண். டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அம்மே, இது சந்தனமல்லே?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, மருந்து விட்டு, சின்ன பிரஷ்ஷால் சுத்தம் செய்தாள். லைட் எரிந்தது. மன்னி கைகூப்பினார். கூடவே உள்ளேயிருந்து ‘டக் டக்’ என்று ஒரு சத்தம். அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

“டிஸ்க் பழசாணு. எப்போ நிக்கும்னு சொல்ல முடியாது. முதல்ல எது வேணும், சொல்லுங்கோ. அதை காப்பி எடுத்துடறேன்.”

வருங்கால டிரைவ்களைப் பற்றி ஆர்வமாகப் படிக்கிறவன் நான். நகத்தளவு சில்லில் ஒரு லைப்ரரியே அடங்குமாம். அடங்கட்டும்! நாம் மட்டும் விடுவோமா என்ன? தாமரைப்பூ போட்ட குட்மார்னிங், சாப்பிடுமுன் எடுத்த மசால் தோசை – எல்லாவற்றையும் கொட்டி ரொப்பிவிட மாட்டோமா? எவ்வளவு இடம் வந்தாலும் நமக்குப் போதாது. ஆனால், ‘முதலில் எது?’ என்று ஒருவர் கேட்டுவிட்டால்தான் எண்ணிப் பார்க்கவே தொடங்குகிறோம்.

“பொண்ணு கல்யாணம் எடுக்கச் சொல்லட்டுமா, மன்னி?” என்றேன்.

“அதுல எல்லாரும் இருக்கா. அவர் எங்கடா இருக்கார்?”

உண்மைதான். எல்லோரையும் எடுத்தவரை எடுக்க ஆளில்லை. அத்தனை வீடியோவிலும் அண்ணாவைக் காணோம்.

மன்னி தயங்கித் தயங்கிக் கேட்டார். “கேமராவை அணைக்க மறந்துடுவாரே... அதெல்லாம் இருக்குமோ?”

இருந்தது. அந்தப் பெண் ஒன்றைத் திறந்தாள். ஆடுகிற தரை, வேட்டி ஓரம், ஒரு கால் கட்டைவிரல். வேறொன்றும் இல்லை.

“இது வேஸ்ட் அல்லே அம்மே?” என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அண்ணாவின் குரல் வந்தது. அந்தக் குரலுக்கு நாங்கள் எப்படி ஏங்கிப் போயிருந்தோம்!

“லலிதா... என் கண்ணாடியைப் பாத்தியோ?”

கடையில் நாலு பேர் இருப்பதையே மறந்து, மன்னி சட்டென்று சத்தமாகச் சொன்னார்:

“நெத்தி மேலதான் இருக்குன்னா!”