முன்சில்லுகளில் மட்டும் ஆணி

இந்த நகரத்தின் காற்றுக்காக அம்மாவின் காரிலிருந்து ஆணி ரயர்களைக் கழற்றச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? ஜனவரி மாதத்து விடியற்பொழுது ஒன்றில் எங்கள் கார் வீதிக்குக் குறுக்காகச் சுழன்று, பேருந்துத் தரிப்பிடத்தில் நின்ற ஒரு மனிதருக்கு இரண்டு முழம் முன்னால் வந்து நின்றது. இந்தக் கேள்வி அப்போதுதான் என்னிடம் வந்தது. அதுவரை அதை ஒரு கேள்வி என்றே நான் எண்ணியிருக்கவில்லை.

ஒஸ்லோவில் குளிர்காலத்துக்கு இரண்டு வகை ரயர்கள் உண்டு. ஒன்றில் சிறிய உலோக ஆணிகள் பதிக்கப்பட்டிருக்கும். அவை உறைபனியைக் கவ்விப் பிடிக்கும். மற்றதில் ஆணி கிடையாது. மென்மையான ரப்பரும் அதில் இடப்பட்ட நுண்ணிய வெட்டுகளும்தான் பிடிமானம். ஆணிகள் பனியற்ற தார் வீதியையும் விட்டுவைப்பதில்லை. அவை சுரண்டிய தூள் குளிர்காலம் முழுவதும் வீதியோரத்தில் ஈரமாகக் கிடந்து, மார்ச் மாதத்தில் காய்ந்து எழும். நகரசபை ஆணி ரயருக்குக் கட்டணம் அறவிடுவதும் இதனால்தான். நான் நகரத் திட்டமிடல் படித்தவள். புருசெத்தில் எங்கள் குடியிருப்புக்கு அருகால் செல்லும் நெடுஞ்சாலையின் தூசியைப் பற்றித்தான் என் முதுகலை ஆய்வு. அந்தத் தூசி எந்தெந்த யன்னல்களுக்குள் நுழைகிறது, அவற்றுக்குப் பின்னால் எத்தகைய மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதையெல்லாம் நான் வரைபடமாக்கியிருந்தேன்.

பட்டம் பெற்ற இலையுதிர்காலத்தில் அந்த வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன்.

"இந்த முறை ஆணியில்லாத ரயர் போடுவம், அப்பா. எங்கடை காராலையும்தான் தூசி வருது."

அப்பா வரைபடத்தை நீண்ட நேரம் பார்த்தார். "ஓம் பிள்ளை," என்றார்.

"அம்மா, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"எனக்கு விடிய அந்த ஏத்தம் ஏறினால் சரி," என்று சொல்லிவிட்டு அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஹவுகன்ஸ்டுவாவுக்கு அப்பால், காட்டோரமாக ஒரு மேட்டில் இருக்கும் முதியோர் இல்லத்தில் அம்மா வேலை செய்கிறார். காலை வேலை ஏழு மணிக்குத் தொடங்கும். அவர் சொன்னதை நான் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

ரயர்களை நானே தெரிவுசெய்தேன். பரிசோதனை முடிவுகளை வாசித்து, பக்கவாட்டில் மலையும் பனிப்பூவும் பொறித்த குளிர்கால அடையாளத்தைப் பார்த்து, அவை தயாரிக்கப்பட்ட வாரத்தைக் குறிக்கும் இலக்கத்தைச் சரிபார்த்து நான்கு வாங்கினேன். ஒரு சனிக்கிழமை, நான் வெளியே போயிருந்த நேரத்தில், அப்பா கார் தரிப்பிடத்தில் ஜக் வைத்துக் காரை உயர்த்தி அவற்றைப் பூட்டினார். மாலையில் மற்ற ஆயத்தங்களைச் சேர்ந்து செய்தோம். கண்ணாடி கழுவும் திரவத்தை உறையாத வகையாக மாற்றினோம். கதவுகள் உறைந்து ஒட்டிவிடாதிருக்க ரப்பர் விளிம்புகளுக்குச் சிலிக்கோன் பூசினோம். பனி சுரண்டி, சிறிய மண்வெட்டி, ஒரு போர்வை ஆகியவற்றைப் பின்பெட்டியில் வைத்தோம்.

கடைசியாகத் தேசிக்காய். புதுக் காருக்குச் செய்கிற சடங்கை எங்கள் அம்மா ஒவ்வொரு ரயர் மாற்றத்துக்கும் நீட்டித்துவிட்டார். சில்லுக்கு ஒன்றாக நான்கு தேசிக்காய் வைத்து, அவற்றை நசித்த பிறகே கார் வீதிக்குப் போகும். நான் முன்சில்லின் அருகே குனிந்தபோது அப்பா என் கையிலிருந்து இரண்டைப் பறித்துக்கொண்டார்.

"முன்னுக்கு நான் வைக்கிறன். நீ பின்னுக்குப் போ. இஞ்சை சேறு."

"பின்னுக்கும் சேறுதானே, அப்பா."

"படிச்ச பிள்ளையளோடை ஒரு தேசிக்காய் வைக்கேலாது," என்று அவர் அம்மாவிடம் முறையிட்டார். நான் சிரித்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஜனவரியில் ஒருநாள் இரவு முழுவதும் மழை பெய்து, விடியுமுன் உறைந்திருந்தது. எனக்கும் அந்தப் பக்கத்தில் அலுவல் இருந்ததால் அம்மாவோடு புறப்பட்டேன். ஒரு சரிவில் இறங்கும்போது, வளைவுக்கு முன்னால், அம்மா பிரேக்கை மெல்ல அழுத்தினார். காரின் முன்பகுதி தயங்கியது, பின்பகுதி தயங்கவில்லை. அது எங்களை முந்த முயல்வதுபோல் பக்கவாட்டில் சுழன்று வந்தது. "பிடி," என்று மட்டும் அம்மா சொன்னார். பேருந்துத் தரிப்பிடத்தின் வெளிச்சத்தில் ஒரு மனிதர் பின்னோக்கி அடியெடுத்து வைப்பதைக் கண்டேன். பிறகு கார் பனிக்குவியலில் மோதி நின்றது.

அவர் கோபப்படாமல் வந்து, எங்களுக்கு அடிபட்டதா என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். பின்னர் தொலைபேசி வெளிச்சத்தைச் சில்லுகளில் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முன்னால் ஆணி இருக்கிறது, பின்னால் இல்லை. யார் பூட்டியது இது?"

"எங்கள் காரில் ஆணியே இல்லை," என்றேன், மிகுந்த உறுதியோடு.

"அப்படியானால் குனிந்து பாருங்கள்."

குனிந்தேன். முன்சில்லுகள் இரண்டிலும் வரிசையாக உலோகப் புள்ளிகள் மின்னின.

"போடுவதானால் நான்கிலும் போடவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சாரதிப் பயிற்சியில் நித்திரையா கொண்டீர்கள்?" என்று கேட்டுவிட்டு, மண்வெட்டியை வாங்கி எங்களுக்காகப் பனியை அள்ளத் தொடங்கினார்.

"உங்களுக்குத் தெரியுமா, அம்மா?"

"காய்ஞ்ச ரோட்டிலை டிக் டிக் எண்டு கேக்கும். அப்பாட்டைக் கேட்டன். ரேடியோவைப் போட்டிட்டு ஓடுமப்பா எண்டார்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ திருப்பியும் மேப்பை விரிப்பாய்."

நான் ஏறும்போதெல்லாம் ரேடியோ உரத்துப் பாடியதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது. அன்று மாலை, நான் வாங்கிய நான்கு ரயர்களில் இரண்டை நிலவறையில் பழைய பெட்டிகளுக்குப் பின்னால் கண்டேன். குளிர் படாமல் போர்த்தி வைத்திருந்தார் அப்பா.

"ஓம் எண்டு சொன்னீங்களே, அப்பா."

"உன்னோடை கதைச்சு வெல்லேலுமே?" அப்பா என்னைப் பார்க்காமல் பேசினார். "காரை இழுக்கிறது முன்சில்லு. அதுக்குப் போன வருசத்து ஆணி ரயரைப் போட்டால் அம்மா ஏத்தம் ஏறுவா. பின்னுக்கு நீ சொன்னது. உனக்கும் பாதி, எனக்கும் பாதி எண்டு நினைச்சன்."

"ஏத்தம் ஏறினனான்தான்," என்றார் அம்மா அடுப்படியிலிருந்து. "இறங்கேக்கைதான் சுத்தினது."

"சட்டம் தெரியாதா, அப்பா?"

"ஆர் குனிஞ்சு பாக்கப்போறான் எண்டு இருந்திட்டன்." பிறகு, "அந்த மனுசனுக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் அன்றிரவு மேலும் இரண்டு தடவை கேட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் செய்தது ஆபத்தான தவறு. ஆனால் மறுக்க இடமில்லாத ஒரு மேசையில்தான் ஆணியில்லாத ரயருக்கு அவர் ஓம் சொன்னார். அந்த மேசையை அமைத்தவள் நான். ஆய்வுக்காக முன்பின் தெரியாத எத்தனையோ வீடுகளின் கதவைத் தட்டி, அவர்கள் எப்படிச் சுவாசிக்கிறார்கள் என்று பொறுமையாகக் கேட்டிருக்கிறேன். அம்மா அந்த ஏற்றத்தைப் பற்றிச் சொன்னபோது, எந்த ஏற்றம் என்றுகூடக் கேட்கவில்லை.

அன்றிரவு கேட்டேன். பெரிய வீதிக்கு உப்புத் தூவுவார்கள் என்றார் அம்மா. அதிலிருந்து திரும்பிய பிறகு மரநிழலில் நீளும் ஏற்றத்துக்கு, வழுக்காதிருக்க மணல் தூவும் வண்டி வருவது ஏழு மணிக்குப் பிறகுதான். அதற்குள் அவர் மேலே போய், இரவு வேலைக்காரரை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும்.

"எனக்கு ஆணி வேணும். நாலுக்கும்."

"தூசி, அம்மா…"

"நானும் அதைத்தானே மூச்சிலை இழுக்கிறன். வேலையில்லாத நாளிலை காரை வீட்டிலை விடுங்கோ. கடைக்கும் கோயிலுக்கும் ஆணியோடை ஏன் போகவேணும்? ஏறிப்போக ரெயின் இருக்கு."

இருபக்கங்களையும் நிறுத்துப் பார்ப்பதாக நம்பியிருந்த எனக்கு இந்த யோசனை ஒருபோதும் வந்ததில்லை. மணல் வண்டியை அந்த ஏற்றத்துக்கு ஆறு மணிக்கு முன்னர் அனுப்பும்படி நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. வண்டி இன்னும் ஏழுக்குப் பிறகே வருகிறது.

இப்போது அம்மாவின் காரில் நான்கு சில்லுகளிலும் ஆணி ரயர்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் அது வேலைக்கு மட்டுமே ஓடுகிறது. அப்பாவுக்கு உடன்பாடில்லை என்றால் இல்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறார், பெரும்பாலும் நான் பேசி முடிக்குமுன்னரே.