சத்தியம் செய்யாத லவினா

லவினா திருடிவிட்டு ஓடிப்போனாள் என்று இனி யாரும் என் காதுபடச் சொல்ல வேண்டாம். சொல்கிறவர்கள் எல்லாம் தெருவில் நின்று பார்த்தவர்கள். நான் ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்த டிரேவர் சார் வீட்டுக்குள்ளேயே பாத்திரம் தேய்த்தவள்.

லவினா குவேக்கர் ஜனம், கிறிஸ்தவர்களிலேயே ஒரு சின்னப் பிரிவு. அவர்கள் கூட்டத்தில் பாதிரியும் இல்லை, பாட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் டிரேவர் சார் வீட்டு முன்னறைக்கு வந்து, கண்ணை மூடி வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். மனசு ஏவினால் ஒருத்தர் எழுந்து நாலு வார்த்தை பேசுவார், அவ்வளவுதான். சார் அந்த ஜனம் இல்லை. தாத்தா காலத்துப் பழக்கம் என்று இடம் கொடுத்தார். லவினா அங்கேயே தங்கிச் சமைத்தாள்.

ஒரு ஞாயிறு கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், அலமாரி மேலிருந்த தாத்தாவின் வெள்ளிக் கடிகாரத்தைக் காணோம்.

"எடுத்தியா?" என்றார் சார், லவினாவிடம்.

"எடுக்கல."

"பைபிள் மேல கை வெச்சு சொல்லு."

"வெக்க மாட்டேன் சார். வெச்சாதான் நெஜம்னா, வெக்காத நாள்ல நான் பேசுனதெல்லாம் பொய்யா?"

அடுத்த ஞாயிறுக்குள் சத்தியம் பண்ணு, இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போ என்றார். அடுப்படியில் நானே திட்டினேன். "கை வெச்சா தேஞ்சா போயிடும்?"

"எங்க ஜனம் சத்தியம் பண்ணாதுக்கா," என்றாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

சத்தியத்துக்குப் பயப்படுகிறாள் பார் என்று தெருவே சிரித்தது.

அந்த ஞாயிறும் வந்தது. இடையில் மைசூரில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பிய, கூட்டத்துக்கு வழக்கமாக வரும் சுப்ரமணியன் பெரியவர் மௌனத்தின் நடுவே எழுந்தார். "போன வாரம் கடிகாரச் சத்தம் என் ஜெபத்தைக் கலைச்சது. கம்பளியில சுத்தி, நான் உக்காந்திருந்த பெஞ்சுக்கு அடியில இருக்கிற பெட்டிக்குள்ள வெச்சேன். திரும்ப எடுத்து வெக்க மறந்தே போச்சு." கண்ணை மூடியிருந்தவர்களில் யார் பார்த்திருக்கப் போகிறார்கள்?

சார் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டே, "அன்னைக்கே ஒரு சத்தியம் பண்ணியிருந்தா இந்த வம்பு ஏது, லவினா? சரி விடு, டீ போடு," என்றார்.

போட்டாள். பெரியவருக்குச் சர்க்கரை குறைத்து, எல்லாருக்கும் கொடுத்தாள். காலிக் கப்புகளை என் கையில் தந்துவிட்டுத் துணிப்பையோடு வந்தாள்.

"அதான் கெடச்சிடுச்சே, எங்கடி போற?"

"கடிகாரம் கெடச்சதால நம்புறாருக்கா. நான் சொன்னதால இல்ல."

முன்வாசல் வழியாக, அத்தனை பேர் பார்க்க, நிதானமாகப் போனாள். கேட்டைக்கூடச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டுத்தான் போனாள்.