ஒரே பக்கத்தில் நாற்பது நிமிடம்

அம்மாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, அவள் குறிப்பேட்டில் நூல் ஒட்டியது. பக்கத்துக்குப் பத்து நூல், இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி. தியேட்டர் இருட்டில் நூலை விரலால் தடவி, வரி பிசகாமல் எழுதுவாள். பக்கம் நிறைந்ததும் புரட்டுவாள். முப்பத்தோரு வருடம் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதியது இப்படித்தான்.

அன்று பார்க்க வேண்டியது மறைந்த தலைவர் ஒருவரின் வாழ்க்கைப் படம். மூன்றே முக்கால் மணி நேரம். திரைப்பட விருது ஒன்றுக்கு மூன்று நடுவர்கள், அவர்களில் அம்மா ஒருத்தி. முந்தின நாள் யாரோ போன் செய்திருக்கிறார். மிரட்டவில்லை. என் மகளின் பள்ளிப் பெயரைச் சொல்லி, நல்ல பள்ளிதானே என்று கேட்டாராம்.

“மத்த ரெண்டு பேரும் முழு மார்க் போட்டுட்டாங்க” என்றாள்.

“படம் பார்க்காமலேயா?”

“கெட்டிக்காரங்கடி. நாலு மணி நேரம் மிச்சம்.”

சிரித்தாள். பசைக்குப்பியை என்னிடம் நீட்டினாள். நான் மூடினேன். நீயும் போட்டுவிடேன் என்று சொன்னதும் நான்தான்.

மாலை திரும்பி வந்து குறிப்பேட்டைத் திறந்தாள். முதல் மூன்று மணி ஐந்து நிமிடம் வரை தெளிவாக இருந்தது. பிறகு ஒரே பக்கம், எழுத்தின் மேல் எழுத்து. கடைசி நாற்பது நிமிடமும் பக்கத்தைப் புரட்டவே இல்லை. ஆலைத் தொழிலாளர்களைச் சுடச் சொல்லித் தலைவர் கையெழுத்திட்ட கதை வரும் இடம் அது. எப்படிக் காட்டினார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். காலி அரங்கில் இரண்டு பேர் அவளுக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தார்களாம். அவர்கள் மூச்சுவிடுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“பார்க்காததுக்கு எப்படிடி மார்க் போடறது?”

வியாழன் காலை பத்து மணிக்கு மறுபடி பார்க்க அனுமதி வாங்கினாள். புதன் காலை குளியலறையில் விழுந்தாள். மாரடைப்பு என்றார் டாக்டர். நம்புகிறேன். ஆனாலும் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறேன்.

மதிப்பெண் தாள் என்னிடம் இருக்கிறது. முதலிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவது அவள் பழக்கம். கட்டம் காலி. யாரும் நிரப்பிக்கொள்ளலாம். நேற்று ஒருவர் போன் செய்து, அந்தத் தாளை வாங்கிப்போக ஆள் அனுப்பட்டுமா என்றார். தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். மகளை இன்று பள்ளிக்கு அனுப்பவில்லை.

வியாழக்கிழமைக்காக அம்மா தனியாகவே நூல் ஒட்டி வைத்திருந்த பக்கங்கள் ஐந்து. கோணலாக ஒட்டியிருக்கிறாள். ஒன்றிலும் எழுத்து இல்லை.