வேறு வைத்த வீட்டில் ஒரு நாய்க்குட்டி

நாய்க்குட்டி வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸின் புகை முகத்தில் அப்பியிருக்க, மேல்துண்டுக்குள் எதையோ பொதிந்துகொண்டு வந்து நின்றார். திருக்கோகர்ணத்தில் யார் வீட்டிலோ போட்ட குட்டியாம். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்து கிடந்தது. காவலுக்கு இருக்கட்டும் என்று என் கையில் கொடுத்தார். திங்கள்கிழமை விடிந்ததும் புதுக்கோட்டையில் இருந்த எங்கள் ஜவுளிக்கடைக்குப் பஸ் ஏறிவிட்டார். இனி அடுத்த சனிக்கிழமைதான் வருவார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் காலிலேயே குட்டி ஈரம் பண்ணியது.

காவலுக்கு எங்களுக்கு என்ன குறைச்சல்? திருமயத்துக்குப் பக்கத்து ஊர் அது. எங்கள் வீட்டுக் கதவை ஓர் ஆள் தனியாகத் தள்ளித் திறக்க முடியாது. யுத்த காலம். கடல் தாண்டிப் போன மூத்தார் குடும்பம் திரும்ப வழியில்லாமல் அங்கேயே கிடந்தது. மாமனார் கடையிலேயே தங்கிவிடுவார். மாதம் ஒருமுறை வந்தால் அதிகம். வார நாட்களில் அந்தப் பெரிய வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான். எங்கள் இருவருக்கும் இரண்டு அடுப்பு.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களில் கல்யாணமாகிக் கொஞ்ச நாள் கழித்து மகனையும் மருமகளையும் வேறு வைப்பார்கள். வீட்டை விட்டுப் போகச் சொல்வதில்லை. அதே கூரை, அதே முற்றம், அடுப்பு மட்டும் தனி. ஒரு வருஷத்துக்கு வேண்டிய நெல், புளி, மிளகாய், எண்ணெய் எல்லாம் பெரியவர்கள் கொடுத்துவிடுவார்கள். அதை வைத்துக் குடும்பம் நடத்திக் காட்ட வேண்டும். இதில் சண்டையும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை. ஆனால் எங்களை வேறு வைத்த அன்று, கூடியிருந்த பெண்களுக்கு நடுவே மாமியார் சொன்ன வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது.

“என்னைய வேறு வச்ச வருசம், மாமியா அடுப்படியில போயி ஒரு கல்லு உப்புக்கூட நான் கேட்டதில்லை.”

நானும் கேட்பதில்லை என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். தலைகீழாக நின்றாவது இந்த வருஷத்தை ஓட்டிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் இந்தச் சனியன் வந்து சேர்ந்தது.

குடிதண்ணீருக்கு ஊருணிக்குப் போக வேண்டும். அதில் கால்கூட நனைக்கக் கூடாது. குட்டியைக் கட்டிவைத்துவிட்டுத்தான் போனேன். கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, நான் குடத்தை முக்கும்போது படியிலிருந்து தொபுக்கென்று உள்ளே குதித்தது. ஊருணிக் காவல்காரர் தடியோடு ஓடிவந்தார். குடம் வைத்திருந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கூசிப்போய்விட்டது. அன்றைக்கு வெறுங்குடத்தோடு திரும்பினேன். மாவு திரிக்க உட்கார்ந்தால் மாவில் கால் வைக்கும். கோலம் போட்டு நிமிர்வதற்குள் அதன்மேல் புரண்டு எழும். முற்றத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியார், வீட்டுக்குள் நாயை விட்டு வளர்க்கிற குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்று காற்றிடம் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவ்வளவும் செய்துவிட்டு, நான் வைத்த சோற்றைத் தின்னாது. மோர் ஊற்றிப் பிசைந்து வைத்தேன், பருப்பு ஊற்றி வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். வயிறு மட்டும் நாளுக்கு நாள் உருண்டு வந்தது. நாய்க்கே பிடிக்காத சமையலா நம்முடையது என்று எனக்கு அழுகை வந்தது.

சித்திரை வெயிலில் புளியைக் காயவைத்தேன். கொட்டை எடுத்து, உப்புப் போட்டு உருட்டிப் பானையில் அடைக்க வேண்டிய முழு வருஷத்துப் புளி. முற்றத்தில் பாய் விரித்துப் பரப்பிவிட்டு, ஈரத்துணி உலர்த்தக் கொல்லைப்பக்கம் போனேன். திரும்பி வந்து பார்த்தால் குட்டி புளிமேல் நன்றாகப் புரண்டிருந்தது. நான் கத்தின கத்தலில் பயந்து, பாயின் நடுவில் நின்றபடியே பெய்துவிட்டது. அவ்வளவு புளியையும் அள்ளிக் குப்பையில் கொட்டினேன். முற்றத்துக்கு அந்தப் பக்கத்துக் கதவு லேசாகத் திறந்து மூடியதுபோல் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

புளி இல்லாமல் எங்கள் ஊரில் என்ன குழம்பு வைப்பது? சந்தையில் ஆள் விட்டு வாங்கலாம் என்றால், வீட்டுக்கு வரும் வேலையாள் மாமியாருடைய ஆள். அடுத்த நிமிஷம் சேதி போய்விடும். எனவே மாங்காய். மாங்காய்க் குழம்பு, மாங்காய் ரசம், மாங்காய்த் துவையல். பல் கூசி, நாக்கு வெந்து, சோற்றைப் பார்த்தாலே வெறுப்பாக இருந்தது. டவுனிலிருந்து புளி வாங்கி வாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை வந்தார். மடியிலிருந்து எடுத்தது நாயின் கழுத்துக்கு ஒரு சலங்கை. புளி மறந்துபோச்சாம். அன்றைக்கு நான் பேசிய பேச்சை எழுதினால் நன்றாயிராது.

ஆனால் அந்தச் சலங்கைதான் காட்டிக்கொடுத்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் வைத்த சோற்றை வழக்கம்போல் முகர்ந்துவிட்டு, குட்டி சலங்கை குலுங்க எழுந்து போயிற்று. சத்தம் முற்றத்தைத் தாண்டி மாமியார் அடுப்படியில் போய் நின்றது. இன்றைக்கு அங்கே எதை உருட்டப் போகிறதோ என்று பதறிக்கொண்டு ஓடினேன்.

மாமியார் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் குட்டி. பால் விட்டுப் பிசைந்த சோற்றை உருண்டை உருண்டையாக அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பானைச் சோறு. நாலு பேர் சாப்பிடலாம். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

“ஒத்த ஆளுக்கு ஒலை வைக்க எனக்குக் கை வரமாட்டேங்குது,” என்றார். “மிஞ்சுறதை என்ன செய்ய?”

எனக்கு வந்த கோபத்தில் குரல் உடைந்தது. நான் மாங்காயைத் தின்று வாய் வெந்து கிடப்பது தெரியாதா என்று கேட்டேன். புளி போன அன்றைக்கே தெரியும் என்றார். தெரிந்துமா ஒரு பிடி கொடுத்துவிடத் தோன்றவில்லை?

“கேக்காமக் குடுத்தா, இவளுக்குக் குடும்பம் பண்ணத் தெரியலைன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். நீ வருவே, கேப்பேன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன். நாயிதான் வந்துச்சு.”

மாடத்தில் ஓலையில் முடைந்த சின்னக் கொட்டான் ஒன்று இருந்தது. உள்ளே கொட்டை எடுத்து உருட்டிய புளி, மேலே துணி போட்டு மூடியிருந்தது. எத்தனை நாளாக அங்கே இருந்ததோ. அதை எடுத்துத் தர அவர் எழுந்திருக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புளி இருந்தாக் குடுங்க, அயித்தை,” என்றேன். பாதி அவமானம், பாதி என்னவென்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை புளிக்குழம்பைப் பிசைந்து சாப்பிட்டபடி, குட்டியை நன்றாகத் தேற்றிவிட்டாய் என்று வீட்டுக்காரர் என்னை மெச்சினார். நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். அவர் கடைக்குப் போன பிறகு, மத்தியானம் சலங்கைச் சத்தம் முற்றத்தைத் தாண்டியது. என் தட்டையும் எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.