சட்டைப்பையிலிருந்த பியூஸ்

1964ஆம் ஆண்டு மார்ச் ஒன்பதாம் திகதி, மாலை நான்கரை மணிக்குச் சின்னராசாவை முதன்முதலாகச் சந்தித்தேன். பாடசாலை விட்டபின் எங்கள் தொழிற்கூடத்தைத் தரமுடியுமா என்று, அங்கு ஆசிரியனாயிருந்த என்னிடம் என்று கேட்க வந்திருந்தார். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கைவிட்டபோது வேலையிழந்த மின்பணியாளர் அவர். வயது முப்பதைத் தாண்டவில்லை. துறைமுகச் சுமைகாரரின் குடிசைகளிலிருந்து எட்டு இளைஞரைத் திரட்டி, மின்னிணைப்பு வேலை பழக்கத் தொடங்கியிருந்தார்.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. வாரத்துக்கு ஒருவன் தலைவன். வேலை தொடங்குமுன் தலைவன் பியூஸைக் கழற்றித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவேண்டும். கடைசி ஆள் ஏணியை விட்டு இறங்கும்வரை எவருக்கும் அதைக் கொடுக்கக்கூடாது.

"ஏசண்டர் துரை வந்து கேட்டாலுமோ அண்ணை?" என்றான் எட்டுப்பேரில் ஒருவனான ஸஹாப்தீன்.

"ஓம். அவரையும் கொஞ்சம் இருட்டிலை இருக்கச் சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். மாவட்டத்தை ஆளும் ஏசண்டர் முதல் எந்தக் காற்சட்டைக்காரரைக் கண்டாலும் தோள்துண்டை எடுத்தே பழகியவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அடுத்த ஆண்டு ஒரு வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் வேலை. அவ்வாரத் தலைவன் ஸஹாப்தீன். மூட்டைகளைப் பார்க்க வந்த முதலாளி, விளக்கு எரியாததைக் கண்டு சீறினார்.

"என்ரை கிட்டங்கிப் பியூஸ் உன்ரை பொக்கற்றுக்குள்ளையோடா? கொண்டா இஞ்சை!"

ஸஹாப்தீன் கொடுத்துவிட்டான். முதலாளி தாமே அதைப் பொருத்தினார். உள்ளே ஏணியில் நின்று கம்பி பூட்டிக்கொண்டிருந்த இன்னொரு மாணவன் அபூதாஹிர் உயிரோடு இறங்கவில்லை.

விசாரணையில், "குடுக்கச் சொன்னது நான்தான்" என்றார் சின்னராசா. அந்த நேரம் அவர் கம்பி வாங்கக் கடைக்குப் போயிருந்தது எங்களுக்குத் தெரியும். மின்வேலை செய்வதற்கான அனுமதி பறிபோயிற்று. வகுப்பும் அத்தோடு முடிந்தது. அபூதாஹிரின் தாய் றுக்கியா, சந்தையில் அவரைக் கண்டால் கடைசிவரை முகத்தைத் திருப்பிக்கொண்டே போனார். குற்றம் எதுவும் தன்மேல் விழாத ஸஹாப்தீனுக்குச் சீனன்குடாவில் வேலை கிடைத்தது. பத்தாண்டில் வேலையாட்களை மேற்பார்க்கும் போர்மனாக உயர்ந்தான்.

1978இல் சின்னராசா இறங்குதுறையில் மூட்டை சுமந்துகொண்டிருந்தார். இருமலில் இரத்தம் கண்டிருந்தது.

"ஸஹாப்தீன்தானே ஆள் எடுக்கிறான். ஒரு காவல்காரன் வேலையாவது கேளுங்கோவன்" என்றேன்.

"கேட்டால் தருவான் மாஸ்டர். அண்டைக்கும் அந்த முதலாளி கேட்டுத்தானே பியூஸைக் குடுத்தவன். ஆர் கேட்டாலும் குடாதை எண்டு பழக்கின நானே போய்க் கேக்க ஏலுமோ?"

ஸஹாப்தீனோடு சீனன்குடா லொறி வரும் நாட்களில் மட்டும் அவர் மூட்டை அடுக்குகளின் மறுபக்கம் போய் நின்றுகொள்வார். 1981 மாரியில் சுமையோடு விழுந்து இறக்கும்வரை, ஸஹாப்தீன் தமக்குப் பட்டிருந்த நன்றிக்கடனை அவர் கேட்கவேயில்லை.