விளக்கில்லாமல் எழுத்து தெரியும் நாள்

கனடாவில், மானிட்டோபாவின் அந்த வட்டாரத்தில் செடி வளர்க்கக் கண்ணாடிக் குடில் வைத்திருந்தவர்கள் எல்லோரும் தெக்லாவின் வாயைப் பார்த்தே விதைத்தார்கள். வெளியே இடுப்பளவு பனி கிடக்கும்போதே கை துறுதுறுத்து, அவளுக்கு டெலிபோன் செய்து, தக்காளி போடலாமா என்று கேட்பார்கள். வருஷா வருஷம் பதில் ஒன்றுதான்.

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு உக்கார்றதுக்கு முன்னாடி குடிலுக்குப் போ. விதைப் பொட்டலத்து எழுத்தை விளக்கில்லாமப் படி. முடிஞ்சா விதை. முடியலேன்னா பேசாம வந்து சூப்பைக் குடிச்சிட்டுப் படு."

விறகைப் போட்டுச் சூட்டை உண்டாக்கலாம், வெளிச்சத்தை எந்தக் காட்டில் போய் வெட்டுவது என்பது அவள் கட்சி. பழைய ஜன்னல்களைச் சேர்த்து அந்தக் குடிலைக் கட்டியவன் அவள் புருஷன் பனாஸ். ஆனாலும் உள்ளே அவன் பேச்சு எடுபடாது. அவள் சொல்லாமல் ஒரு விதையைக்கூடத் தொட்டவனில்லை.

அந்தக் குளிர்காலத்தில் தெக்லா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது டாக்டர் அவனை மட்டும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். வயிற்றுக் கட்டி கரையாது, அவள் கோடையைப் பார்ப்பது சந்தேகம் என்றார்.

பனாஸ் கட்டிலருகே வந்து, "மருந்து கேக்குமாம். அறுவடைக்கு நீ எழுந்து நடமாடுவியாம்," என்றான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அன்றைக்கு மட்டும் கூசாமல் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு எதுவும் இறங்கவில்லை. "நம்ம தக்காளியை உப்புத் தொட்டுத் தின்னா இறங்கும்," என்றாள் ஒருநாள். அந்தத் தக்காளி பழுப்பது ஆகஸ்டில். ஜனவரியிலேயே, திருடனைப் போல, பனாஸ் விதைத்தான்.

குடிலுக்குள்ளிருந்த அடுப்பை அணைய விடவில்லை. சூட்டில் விதை முளைத்தது, அவனும் ஒரு வாரம் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தான். அப்புறம் நாற்றுகள் வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வெளுத்து நீண்டு, கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, ஒவ்வொன்றாக விழுந்தன. தீக்குச்சி நட்டு நூலால் கட்டிப் பார்த்தான். கிறுக்குத்தனம்தான். வேறு என்ன செய்வான், பாவம்?

நாற்றை மறைக்கலாம். புகைபோக்கியின் புகையை எங்கே மறைப்பது? ஒரு மத்தியானம் அவனுடைய கோட்டைப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, தெக்லா குடில் வாசலில் வந்து நின்றாள். நாற்றுத் தட்டுகளை வெகுநேரம் பார்த்தாள்.

"யாருக்கு இவ்வளவு அவசரம்?"

"சும்மா போட்டுப் பாத்தேன்."

"நான் ஆகஸ்டுல இருப்பேன்னா நீ எதுக்கு இப்ப விதைக்கிற? டாக்டர் உங்கிட்ட என்ன சொன்னாரு?"

பனாஸ் சாய்ந்த நாற்று ஒன்றுக்கு நூல் கட்டக் குனிந்தான்.

"சொல்லு."

"கோடை சந்தேகம்னாரு."

"அட கிழவா, இதைச் சொல்ல உனக்கு இத்தனை தட்டு நாத்து வேண்டியிருந்துதா?" அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமலாகப் போயிற்று. அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது பனாஸுக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது. வாய் மறைத்ததைக் கை சொல்லிவிட்டது.

மார்ச் வந்தது. டெலிபோன் அடிக்கவில்லை. நோயாளியைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று ஊரே பேசி வைத்துக்கொண்டது போலிருந்தது. தெக்லாவுக்குக் கோபம்.

"நான் இன்னும் சாகல. தினம் போய்ப் படிச்சுப் பாரு. எழுத்து தெரியற அன்னிக்கு எங்கிட்ட வந்து சொல்லு. எல்லாருக்கும் நானே சொல்றேன். அதோட என் வேலை முடிஞ்சுது, நிம்மதியாக் கண்ணை மூடிக்குவேன்."

தினமும் போனான். தெரியவில்லை என்று வந்து சொன்னான். அது உண்மையாகவும் இருந்தது.

ஒரு சாயங்காலம் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்தான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, மூலையிலிருந்த பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிந்தது. எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது அவனுக்கு. ஓட இடமில்லை. வீட்டுக்குத்தான் வந்தான். அறையில் இன்னும் விளக்கு ஏற்றவில்லை.

"தெரிஞ்சுதா?"

"இல்ல தெக்லா. இன்னும் தெரியல."

"சரி," என்றாள். "நாளைக்குப் பாப்போம்."

போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். அந்த விளக்கில்லாத அறையில், அவன் கன்னத்தில் ஈரமிருந்த இடத்தை அவள் விரல் தடவித் தேடவில்லை. நேராக வந்து துடைத்தது.